நடுவே ஒரு முழம் மணல்

சுண்ணாம்பாறு கடலோடு கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலத்தில், மணல்குப்பம் என்றோர் ஊர் இருந்தது. வெள்ளைத் துணியை நீலமாக்கிக் கப்பலேற்றுவது அந்த ஊரின் தொழில். சாயத்தொட்டிக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பது சேரிக்காரர்களின் பாடு, தொட்டிக்கு வெளியே நின்று இன்னும் முக்கு என்று சொல்வது ஊர்க்காரர்களின் பாடு. இரண்டு பேரும் ஒரே மாதாவைத்தான் கும்பிட்டார்கள், ஊர்க்காரர்கள் கோவிலுக்கு உள்ளே நின்று, சேரிக்காரர்கள் வெளியே நின்று. இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஊரில், ஒரு சாம்பல் புதன்கிழமை சாயங்காலம், சேரிக்காரர்களின் நிழல் நீலமாகிவிட்டது.

முதலில் பார்த்தவள் அருளாயி. முப்பத்திரண்டு வயது, புருஷன் சந்தியாகு இரண்டு வருஷத்துக்கு முன்பு காய்ச்சலில் போய்விட்டான், மகள் தெரேசாவுக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. அவுரிச் சாயத்தில் ஊறிய துணியைப் பிழிந்து ஆற்று மணலில் விரித்துக் காயப்போடுவது தாயும் மகளும் செய்த வேலை. அன்று நாலு மணி வெயிலில் கடைசித் துணியை உதறி விரித்துவிட்டு நிமிர்ந்தவள், காலடியில் இன்னொரு நீலத் துணி சுருண்டு கிடப்பதைக் கண்டு, மேஸ்திரி பார்த்தால் தொலைத்துவிடுவாரே என்று அவசரமாகக் குனிந்து அள்ளினாள். கையில் மணல்தான் வந்தது. மறுபடி அள்ளினாள், மறுபடியும் மணல். அப்போதுதான் கவனித்தாள், அவள் குனியும்போது அந்தத் துணியும் குனிந்தது, அவள் அள்ளும்போது அதுவும் அள்ளியது. அவளுக்குப் பயம் வரவில்லை. பிடித்திருந்தது, வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து எத்தனையோ ஆயிரம் முழம் நீலம் அவள் கைவழியாக ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போயிருக்கிறது, அவள் உடுத்தியதென்னவோ சாயமேறாத முரட்டுச் சேலைதான். இப்போது ஒரு நீலம் அவளுக்கென்றே வந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் ஒரு வாரம் பேசினார்கள். சாயம் உடம்பில் ஊறி வெயிலில் கசிகிறது என்றார்கள். ஆனால் அதே தொட்டியில் முழங்கை வரை விட்டுப் பதம் பார்க்கிற மேஸ்திரி சவரிராயரின் நிழல் பழைய கறுப்பாகவே கிடந்தது, தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காத, பிறந்து நாலு நாளான சேரிக் குழந்தையை வெயிலில் காட்டினால் உள்ளங்கையளவு நீலம் விழுந்தது, சேரி ஆடுகளுக்குக் கறுப்பு, ஆடு மேய்ப்பவனுக்கு நீலம். அதற்குமேல் யோசிக்க யாருக்கும் பொழுதில்லை. காரணம் தெரியாவிட்டால் என்ன, காரியம் நடந்தாக வேண்டுமே.

காரியம் என்னவென்றால் இதுதான். அதுவரை நிழல் பட்டால் தீட்டு என்பது பெரியவர்கள் சொல்லிவைத்த பேச்சு, எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள், ஆனால் சந்தைக் கூட்டத்தில் நாற்பது நிழல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது எது யாருடையது என்று எவன் குனிந்து பார்ப்பான்? கறுப்பில் அந்த ஒரு சௌகரியம் இருந்தது. நீலத்தில் அது போய்விட்டது. வாசற்படியில் விழுந்த நிழல் யாருடையது என்று இப்போது சின்னக் குழந்தைக்கும் தெரிந்தது. ஆகவே ஊர் கூடியது, ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் முடிவு செய்தது, இதற்காகவே நூறு வருஷமாகக் காத்திருந்தவர்களைப் போல அத்தனை சுருக்காக முடிவு செய்தது. நீல நிழல்காரர்கள் ஊர்த்தெருவுக்குள் வரலாம், ஆனால் உச்சிவேளையில் மட்டும், நிழல் பாதத்துக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஒரு நாழிகையில் மட்டும். காலைப் பூசைக்கு வழக்கம்போல் வரலாம், ஏனென்றால் கோவில் வாசல் மேற்கே பார்த்தது, காலையில் அவர்கள் நிற்கும் முற்றம் கோவிலின் நிழலுக்குள்ளேயே இருந்தது. மாலை ஜெபத்துக்கு வரக் கூடாது, ஏனென்றால் சாயும் வெயிலில் அவர்களுடைய நிழல் எழுந்து படியேறி உள்ளே போனது. பங்குச் சாமியாரைக் கேட்டார்கள். வேதத்தில் நிழலின் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போனார். ஒன்றும் சொல்லவில்லை என்றால் செய்யலாம் என்றுதானே அர்த்தம்.

சேரியும் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் சேரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணம் உச்சிவேளைக்கு மாறியது, சாவெடுப்பும் உச்சிவேளைக்கு மாறியது, சட்டி பானை வாங்குவதும் வைத்தியரிடம் நாக்கை நீட்டுவதும் அந்த ஒரு நாழிகைக்குள் அடங்கின. மேகம் மூடிய நாள் திருநாளாயிற்று. வானம் கறுத்தால் போதும், யாருக்கும் நிழலில்லை என்று சேரி முழுக்கக் குழந்தை குட்டிகளோடு சந்தைக்குக் கிளம்பியது, நடுவில் சூரியன் எட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். பிள்ளைகள் ஒருவர் நிழலை ஒருவர் மிதித்து விளையாடினார்கள். ஒரு வருஷத்தில் இது எப்போதும் இப்படித்தான் இருந்தது போலாகிவிட்டது.

அந்த ஒரு வருஷம் கழிந்துதான் தெல்போ துரை படம் எழுதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துணி காயும் களத்துக்கு வந்தார்.

தெல்போ துரை கப்பலேறும் துணியைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகஸ்தர். பதினொரு வருஷமாக இங்கே இருந்ததில் தமிழ் நன்றாகவே வந்தது. மரியாதையான மனிதர், யார்மேலும் கைநீட்டியதில்லை, தாகமென்றால் சேரிப் பானையில் கூடத் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். அவருக்குப் பாரிசில் படம் எழுதுகிற நாலைந்து சிநேகிதர்கள் இருந்தார்கள். அறைக்குள் உட்கார்ந்து ராஜாக்களையும் தேவதைகளையும் பழுப்பும் கறுப்புமாக எழுதிக்கொண்டிருந்த பெரியவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு, இனி வெளியே போய் வெயிலில் நின்று, எதைக் கண்ணால் காண்கிறோமோ அதை, காண்கிற அந்த வேளையிலேயே எழுதுவது என்று அவர்கள் சபதம் எடுத்திருந்தார்கள். சாயத்தைத் தகரக் குழாயில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்ததால் வெளியே தூக்கிப் போக வசதியாகவும் இருந்தது. அந்தச் சபதம் கடிதம் கடிதமாக ஏறித் தெல்போ துரையையும் பிடித்துக்கொண்டது.

அவர் முதல் நாள் களத்தில் வந்து நின்று, வெள்ளை மணலில் விழுந்து கிடந்த நீல நிழல்களைப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த மணலில் நடந்தும் இதைப் பார்க்கவில்லையே, நிழல் கறுப்பென்று சொல்லிக் கொடுத்தவர்கள் கண்ணைக் கெடுத்துவிட்டார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். போன வருஷம்தான் இது நீலமாயிற்று என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தைத் துரையிடம் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டார்கள். உலகத்தில் எல்லோருடைய நிழலும் நீலம்தான், உற்றுப் பார்த்தால் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பாவம், நல்ல எண்ணம்தான்.

ஒரு மாதம் தினமும் நாலு மணியிலிருந்து பொழுது சாயும்வரை எழுதினார். முன்னால் தெரேசா கூடையோடு, அவளுக்குப் பின்னால் அருளாயி துணியை விரித்தபடி, வலது பக்கத்தில் அளவுகோலோடு மேஸ்திரி சவரிராயர். அசையாமல் நிற்க வேண்டும், அந்த வேளையின் வெயில் போய்விட்டால் மறுநாள்தான். நீலக் குழாய் இரண்டு தடவை தீர்ந்துபோய்ச் சென்னையிலிருந்து மறுபடி வந்தது. ஒருநாள் பாரிசிலிருந்து வந்த காகிதத்தைக் களத்திலேயே பிரித்துப் படித்தவர், பெட்டியிலிருந்து கறுப்புச் சாயக் குழாயை எடுத்து ஆற்றைப் பார்த்து வீசினார். அது ஆறுவரை போகவில்லை.

"ஏன் தொரை, கெட்டுப்போச்சா?" என்று தெரேசா கேட்டாள்.

"கறுப்பு என்ற நிறமே உலகத்தில் இல்லையாம். இனிமேல் நாங்கள் யாரும் அதைத் தொடக் கூடாது."

தெரேசா சிரித்துக்கொண்டே போய்க் குழாயைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். துரை திரும்பி மேஸ்திரியின் நிழலைப் பார்த்தார். அது மணலில் கறுகறுவென்று கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் பெருமூச்சு விட்டுவிட்டு நீலத்தைக் குழைத்தார். அருளாயி அதைப் பார்த்தாள், பார்த்ததை மறந்தும் போனாள், ஏனென்றால் அவள் மனசெல்லாம் வேறெங்கோ இருந்தது. தெரேசாவுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தான், பிலவேந்திரன் என்று பெயர், புர்போன் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். உயிர்த்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை உச்சிவேளையில் தாலி, மறுநாள் காலையில் கப்பல். மகள் தாலி கட்டிக்கொள்வதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, கப்பல் மறையும்வரை துறைமுகப் பாலத்தில் நின்று கையாட்ட வேண்டும். அருளாயிக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

படம் முடிந்தது. ஈரம் காய்வதற்காகத் துரை அதைத் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் தெருவைப் பார்த்துச் சாய்த்து வைத்தார். அந்த வழியாகப் போன ஊர்க்காரர் ஒருவர் நின்றார், இன்னொருவர் நின்றார், மதியத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: துரை எழுதிய படத்தில் மேஸ்திரியின் நிழல் நீலமாக இருக்கிறது.

சிரிப்பதற்கில்லை. சவரிராயர் வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாளே ஆள் வரவில்லை, அவர் மகனுக்குப் பேசிவைத்த இடத்தில் யோசிக்க வேண்டும் என்றார்கள். அவர் நடுத்தெருவில் வெயிலில் நின்று, பாருங்கள், கறுப்பு, பாருங்கள் என்று சுற்றிச் சுற்றிக் காட்டினார்; எல்லோரும் பார்த்தார்கள், கறுப்புத்தான், ஆனாலும் வெள்ளைக்காரன் கண்ணுக்கு நீலமாகத் தெரிந்திருக்கிறதே, அவனுக்கென்ன பொய் எழுத வேண்டுமென்று தலையெழுத்தா? ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு சவரிராயர் ஒரு வழி கண்டுபிடித்தார். துரை எழுதிக்கொண்டிருந்தபோது அருளாயியின் நிழல் தன் நிழல்மேல் ஏறியிருக்கிறது, ஏறிய அந்த நேரத்தில் தன்னுடையதும் நீலமாகத் தெரிந்திருக்கிறது, தப்பு அவளுடையது என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோவில் முற்றத்தில் விசாரணை என்று தண்டோரா போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் அருளாயி துரை வீட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள்.

"தொரை, மேஸ்திரி நெழலு கறுப்பா, நீலமா?"

"கறுப்பு," என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல்.

"பின்ன ஏன் தொரை நீலமா எழுதனீங்க?"

"என்னிடம் கறுப்பு இல்லையே, அருளாயி. தூக்கிப் போட்டேன், நீதான் பார்த்தாயே. தவிர அந்த இடத்தில் நீலம் அழகாக இருந்தது."

"எந்நெழலு அவரு மேல ஏறுச்சா?"

"ஏறவில்லை. நடுவில் மணல் இருந்தது."

"அத மட்டும் ஞாயித்துக்கெழம வந்து சொல்லிடுங்க தொரை. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. பொண்ணு கல்யாணம் இருக்குது."

"சொல்கிறேன்," என்றார். சொல்லத்தான் நினைத்திருந்தார், அதில் சந்தேகமில்லை.

சனிக்கிழமை தபால் கப்பல் வந்தது. பாரிசில் பெரியவர்களின் சபையில் இடம் கிடைக்காத சிநேகிதர்கள் தாங்களே ஒரு கூடம் பிடித்துப் படங்களை மாட்டப் போகிறார்களாம், உன் படம் ஒன்றையும் அனுப்பு என்று எழுதியிருந்தார்கள், ஒரே ஒரு நிபந்தனை: நேரில் கண்டதைத் தவிர அதில் ஒரு தீற்றல்கூட இருக்கக் கூடாது, அழகுக்காக நீ எதையாவது மாற்றினாய் என்று நாளைக்குத் தெரிந்தால் நம் எல்லோர் மானமும் போய்விடும். தெல்போ துரை கடிதத்தை மூன்று முறை படித்தார். படத்தையும் பார்த்தார். பதினொரு வருஷம் துணியில் முத்திரை குத்திய கைக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கோவில் படியில் நிறுத்தினார்கள், ஊர்ப் பெரியவர்கள் பக்கம் முகம் வைத்து. சேரிக்காரர்கள் பார்த்தது படத்தின் முதுகை, நாலு சட்டமும் கொஞ்சம் சாக்குத் துணியும். பெரியவர்கள் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தார்கள், ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தள்ளி நின்று பார்க்க வேண்டிய படம் என்று துரை மெல்லச் சொன்னார். தள்ளி நிற்பதென்றால் சேரிக்காரர்கள் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும், யாரும் நகரவில்லை.

"முசே, நீங்களே சொல்லுங்க," என்றார் நாட்டாண்மை துரையைப் பார்த்து. "மேஸ்திரி நெழல் உங்க கண்ணுக்கு இன்னா நெறமா தெரிஞ்சுது?"

துரை அருளாயியைப் பார்க்கவில்லை. "நீலம்," என்றார். "நான் கண்ணால் கண்டதைத்தான் எழுதுவேன்."

அருளாயி மடியை அவிழ்த்துத் தகரக் குழாயை எடுத்து முன்னால் மண்ணில் வைத்தாள். "ஆண்டே, கறுப்பு இவருகிட்ட இல்லீங்க. இந்தாங்க, இத அவருதான் களத்துல வீசனாரு. எம்பொண்ணு பொறுக்கி வெச்சிருந்தா. கறுப்பு இல்லாததாலதான் நீலத்த எழுதனாரு. அவரே எங்கிட்ட சொன்னாரு. கேளுங்க."

"இது உங்களுதா முசே?"

"இல்லை," என்றார் தெல்போ துரை. வேதத்தில் மறுதலித்தவனுக்குக் கூவியது போலக் கோழி ஒன்றும் கூவவில்லை. தபசு காலத்தில் அதற்கு வேறு வேலை இருந்திருக்கும்.

பிறகு அதிக நேரம் ஆகவில்லை. மேஸ்திரியின் மானமும் போகக் கூடாது, துரையின் வாக்கும் பொய்யாகக் கூடாது. இரண்டையும் காப்பாற்ற ஒருத்தி போதும். அருளாயி இனிமேல் சூரியன் இருக்கும்போது வெளியே வரக் கூடாது, உச்சிவேளை உட்பட. வந்தால் தெரேசாவுக்குக் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார்கள். சாமியார் தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டாரா தூக்கமா என்று தெரியவில்லை. சவரிராயர் மாதாவுக்கு ஒரு பவுண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து ஊர்ப் பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் உடைத்தார்.

அருளாயி அந்தப் புதன்கிழமைக்காக மழை வேண்டினாள். சித்திரையில் மழை கேட்டால் எங்கே போவது? வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. குடிசைக்குள் உட்கார்ந்து கோவில் மணியை எண்ணினாள், மணி நின்றது, தாலி ஏறியிருக்கும் என்று தெரிந்தது. மாலையோடு வந்து காலில் விழுந்த மகளின் முகத்தை இருட்டுக் குடிசைக்குள் கையால் தடவித்தான் பார்க்க முடிந்தது. மறுநாள் காலையில் கடல் பக்கமிருந்து கப்பல் ஊதியது. கதவின் ஓட்டை வழியாக வந்த காசளவு வெயிலில் கையை நீட்டினாள், மண்தரையில் நீலமாக ஒரு விரல் அசைந்தது. அதுதான் அவள் மகளுக்குக் கையாட்டிய கதை. மூன்று வருஷம் கழித்துச் சாமியார் வழியாகச் சேதி வந்தது, தெரேசா பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. அவளுடைய முகம் தாங்கிய பொருள் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, அது பாரிசில் இருந்தது.

பாரிசில் முதலில் சிரித்தார்கள். நீல நிழலா, இவனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள், இது முடிந்த படமில்லை, கண்ணில் பட்டுத் தெறித்த ஏதோ ஒன்று என்று கேலி பேசினார்கள், அந்தக் கேலியையே அந்தக் கூட்டத்தார் பெயராக வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பணக்கார விதவை படம் வாங்கினாள், பிறகு அவள் தங்கை வாங்கினாள், பிறகு சிரித்தவர்களே கறுப்புக் குழாயைத் தூக்கிப் போட்டார்கள். நீல நிழல் வைக்கோற்போரின் கீழ் விழுந்தது, பாலத்தின் கீழ் விழுந்தது, குடை பிடித்த சீமாட்டிகளின் பின்னால் நீண்டு விழுந்தது; பிறகு கப்பலேறியது, அமெரிக்காவில் பனியின்மேல் விழுந்தது, ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரத்தடியில் விழுந்தது, பாரிசில் படித்துத் திரும்பிய ஜப்பான் பிள்ளைகளின் பெட்டியில் மடங்கிக் கிடந்து அந்த நாட்டுக் கடற்கரையில் விழுந்தது, ருஷ்யாவில் கதவைத் தட்டி உள்ளே போனது; எந்த நாட்டிலும் எவனும் அதைப் பார்த்து எட்டிப் போ என்று சொல்லவில்லை, எல்லா நாட்டிலும் கூடத்தில் நல்ல சுவராகப் பார்த்துத் தங்கச் சட்டத்தில் மாட்டினார்கள். இங்கே மணல்குப்பத்தில் அதே நிழல்காரர்கள் உச்சிவேளைக்காக ஊர் எல்லையில் காத்து நின்றார்கள். எனக்கு இதைச் சொல்லும்போது வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருபத்தாறு வருஷம் போயிற்று. துரை செத்தார், மேஸ்திரி செத்தார். விதி போட்டவர்களில் பாதிப் பேர் கல்லறைக்குப் போனபின்பும் அருளாயி பகலில் வெளியே வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. பாரிசில் வக்கீலுக்குப் படித்த சவரிராயரின் மகன் எதுவார், தெல்போ என்ற பெயர் அங்கே ஏலத்தில் என்ன விலை போகிறது என்று கண்டு, சொந்த ஊர்ப் படமாயிற்றே என்று அதை வாங்கிவந்து தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். ஊர் திரண்டு வந்து பார்த்தது. வலது பக்கம் நிற்பவர் நம் மேஸ்திரி என்றதும் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் நிழல் நீலமாயிருப்பது பற்றி யாராவது முணுமுணுத்தால், அது பாரிஸ் மோஸ்தர் என்று எதுவார் சொன்னார். அதோடு சரி. அந்த வருஷமே ஊர்ச் சீமாட்டிகள் சென்னையிலிருந்து ஒரு படக்காரனை வரவழைத்துத் தங்களை நீல நிழலோடு எழுதச் சொன்னார்கள். நிழல் கறுப்பாயிருந்தால் பட்டிக்காட்டுப் படம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒருத்தி நீலப் பட்டில் குடை தைத்துக்கொண்டு நடந்தாள், நிழல் கொஞ்சமாவது நீலமடிக்காதா என்று.

இதெல்லாம் காதில் விழுந்த ஒரு வைகாசி மாதத்தில், நாலரை மணிக்கு, அருளாயி குடிசையை விட்டு வெளியே வந்தாள். கண் கூசியது. காலடியில் நீலம், விட்ட இடத்தில் காத்திருந்தது போல, அப்படியே இருந்தது. ஊர்த்தெருவில் நடந்து போனாள், பார்த்தவர்கள் யாரென்று தெரியாமல் விலகி நின்றார்கள்.

எதுவாரின் வீடு மேற்கே பார்த்தது, எதிரே கோவில் மைதானம். வாசல் திறந்திருந்தது, கூடத்தின் நடுச்சுவரில் படம். அவள் படிக்குக் கீழே நின்றாள்.

"யாரது?"

"சேரி அருளாயிங்க ஆண்டே. அந்தப் படத்துல எம்பொண்ணு இருக்குதுங்க. ஒரு தரம் மொகத்தப் பாத்துட்டுப் போயிடறேன்."

எதுவாருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. எழுந்து வந்தார். பாரிசில் சமத்துவத்தைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியவர், விரட்டும் சாதியில்லை. "பாரு, தாராளமா பாரு," என்றார். அருளாயி பார்த்தாள். முகம் இல்லை. கூடை இருந்தது, சேலை இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாக ஒன்று, வெளுப்பாக ஒன்று, இரண்டே தீற்றல். நிழலுக்கு மட்டும் ஆயிரம் தீற்றல் போட்டிருந்தார் தெல்போ துரை. இருபத்தாறு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த ஒன்று அவளுக்குள் அறுந்து விழுந்தது. இன்னும் கிட்டப் பார்க்கலாமென்று ஒரு படி ஏறினாள். அவள் நிழல் வாசலைத் தாண்டிக் கூடத்தில் நீண்டு சுவரைத் தொட்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றார் எதுவார். "உன் நெழல் படத்து மேல விழுது. தப்பா நெனைக்காத, வெல ஒசந்த படம். நெழல் பட்டுப்பட்டுச் சாயம் மங்கிடும்னு சொல்றாங்க."

அவள் இறங்கினாள். இன்னும் தள்ளி என்று அவர் கையைக் காட்டினார். பின்பக்கமாகவே நடந்து தெருவைக் கடந்தாள், மைதானத்தின் ஓரம் வரை போனாள், நிமிர்ந்து பார்த்தாள், அங்கே தெரேசா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு தீற்றலும் ஒன்றோடொன்று கூடி, கண்ணும் மூக்கும் சிரிப்பை அடக்கிய வாயுமாக, கறுப்புக் குழாயைப் பொறுக்கப் போன அன்றைய முகம். அருளாயிக்கு அழுகை வந்தது, சத்தமில்லாமல் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது, அந்தத் தூரத்திலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. மகளுக்குப் பின்னால் தன் நிழல், வலது பக்கத்தில் மேஸ்திரியின் நிழல், இரண்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை தெளிவாக வெள்ளை மணல்.

"ஆண்டே," என்று கூப்பிட்டாள். அவள் குரல் அந்தத் தெருவில் அவ்வளவு உரக்கக் கேட்டதே இல்லை. "எந்நெழலுக்கும் உங்க அப்பா நெழலுக்கும் நடுவுல ஒரு மொழம் மணலு இருக்குது. எந்நெழலு அவரு மேல ஏறவே இல்ல. படத்துலயே இருக்குது, பாருங்க."

எதுவார் படத்தின் அருகே போய், அன்று பெரியவர்கள் குனிந்தது போலவே மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தார். "இங்க அப்பிடி ஒண்ணும் தெரியலியே. எல்லாம் தீத்தலா இருக்குது."

"அங்க நின்னா தெரியாதுங்க. இங்க வந்து எம் பக்கத்துல நின்னு பாருங்க."

அவர் வாசலுக்கு வந்தார். மைதானத்து ஓரத்தில் அவள் நின்றாள். அவள் காலிலிருந்து தெருவை நோக்கி நீல நிழல் நீண்டு கிடந்தது. முப்பது அடி நடந்தால் போதும், நிழலைத் தொடாமல் சுற்றிக்கொண்டுகூட வரலாம். தெருவில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவார் ஒரு காலைப் படியில் வைத்தார், அந்த நாலு பேரையும் பார்த்தார். பிறகு, வெயில் உள்ளே அடிக்கிறது, படத்துக்கு ஆகாது என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொழுது சாயச் சாய நிழல் நீண்டது. தெருவைத் தாண்டியது, படியேறியது, சாத்திய கதவின்மேல் நீலமாக எழுந்து நின்றது. நாலு பேரும் அவளைப் போகச் சொன்னார்கள். சூரியன் மறையும்வரை அருளாயி அதை அங்கிருந்து எடுக்கவில்லை.